நான் பார்ப்பது வேற ஐ.டி.

அம்பாசமுத்திரத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும், "அவ புனேயில ஐ.டி.ல இருக்கா" என்றுதான் சொல்வார்கள். பொய் இல்லை. ஆனால் அவர்கள் சொல்கிற ஐ.டி. இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி. நான் பார்க்கிற ஐ.டி. இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைன். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்து என்பதால் இத்தனை வருஷமாக யாருக்கும் சந்தேகம் வரவில்லை, நானும் விளக்கப் போகவில்லை. (மாப்பிள்ளை பார்த்த சமயத்தில் இந்தக் குழப்பம் ரொம்ப உதவியாக இருந்தது :-) )

இப்போது ஆபீஸிலும் குழப்பம். போன வருஷம் என் பதவிப் பெயரை "லேர்னிங் எக்ஸ்பீரியன்ஸ் டிசைனர்" என்று மாற்றிவிட்டார்கள். பக்கத்து சீட்டில் இருப்பவர் யூசர் எக்ஸ்பீரியன்ஸ் டிசைனர். ஆள் தேவை விளம்பரங்களிலோ மூன்று பெயரையும் நடுவில் கோடு போட்டு ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள், இட்லி / தோசை / ஊத்தப்பம் என்று போர்டு எழுதுவதைப் போல. வீட்டில் ரங்கமணி கேட்டது ஒரே கேள்விதான்: "மூணும் ஒண்ணுதானே? சம்பளம் ஏறிச்சா?"

சம்பளம் ஏறவில்லை. ஆனால் மூன்றும் ஒன்றில்லை. மாவு ஒன்றாக இருக்கலாம், பண்டம் வேறு. இது ஆபீஸ் சமாச்சாரம் என்று தள்ளிவிட முடியாது. வெளியூரில் உட்கார்ந்துகொண்டு பிள்ளைக்குத் தமிழ் சொல்லித்தர ஆப் தேடுகிற ஒவ்வொரு வீட்டுக்கும் இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் நல்லது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், காபியோடு வரவும்.

ஒரு ஐநூறு ரூபாய் நோட்டை எடுத்துக்கொள்வோம். 2016 நவம்பருக்குப் பிறகு வந்த சாம்பல் நிற நோட்டு, பின்பக்கம் செங்கோட்டை இருக்குமே, அது.

கண் தெரியாத ஒருவர் கையில் இந்த நோட்டு வருகிறது. ஐநூறா நூறா என்று அவருக்குத் தெரிய வேண்டும். இதற்காக ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1-ஆம் தேதி 'மணி' என்று ஒரு ஆப் வெளியிட்டது. மொபைல் எய்டட் நோட் ஐடென்டிஃபயர் என்பதன் சுருக்கம் (தமிழனுக்குச் சொல்லவே வேண்டாம், பொருத்தமான பேர்). போனின் கேமராவை நோட்டின் மேல் காட்டினால் எத்தனை ரூபாய் என்று வாயால் சொல்லும். காதும் கேட்காதவருக்கு அதிர்வில் சொல்லும். இறக்கி வைத்துவிட்டால் இன்டர்நெட் கூட வேண்டாம். நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று மட்டும் சொல்லாது, அது அதன் வேலையும் இல்லை.

யூசர் எக்ஸ்பீரியன்ஸ், அதாவது பயனர் அனுபவம், என்பது இதுதான். பயன்படுத்துகிறவருக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். நடுவில் தடுக்கிற கல்லையெல்லாம் பொறுக்கிப் போட வேண்டும். எவ்வளவு குறைவாக யோசித்தாரோ, எவ்வளவு சீக்கிரம் முடித்தாரோ, அவ்வளவு நல்லது. 1990-களின் தொடக்கத்தில் ஆப்பிளில் இருந்த டான் நார்மன் இந்தப் பெயரைப் பரவலாக்கினார். திரையில் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது மட்டும் போதாது, அந்தப் பொருளோடு மனிதனுக்கு நேர்கிற எல்லாமே கணக்கில் வர வேண்டும் என்பது அவர் கட்சி. கவனிக்க வேண்டியது ஒன்று. 'மணி' ஆப்பை ஆயிரம் தடவை பயன்படுத்தினாலும் அவர் நோட்டைப் பற்றி ஒன்றும் கற்றுக்கொண்டிருக்க மாட்டார். ஆயிரத்தோராவது தடவையும் ஆப் வேண்டும். அதில் ஒரு குறையும் கிடையாது. கற்றுக்கொடுப்பதாக அது வாக்கு கொடுக்கவே இல்லையே.

இப்போது அதே நோட்டு, வேறு ஆள். வங்கி கவுன்டரில் புதிதாகச் சேர்ந்த கேஷியர். எதிரே நீள வரிசை. ஒரு கட்டு நோட்டு வருகிறது, அதில் ஒன்று ஏதோ மாதிரி இருக்கிறது. போனை எடுத்துக் காட்டிக்கொண்டிருக்க முடியாது. விரலும் கண்ணும் தானாகச் சொல்ல வேண்டும். காந்தி படத்தைத் தடவினால் லேசாக மேடு தட்டுப்பட வேண்டும். பாதுகாப்பு இழையைச் சாய்த்தால் பச்சை நீலமாக மாற வேண்டும். ஓரத்தில் இரண்டு பக்கமும் ஐந்தைந்து சாய்கோடுகள் மேடாக இருக்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் காந்தி முகமும் 500 என்ற எண்ணும் நீர்க்குறியாகத் தெரிய வேண்டும். கள்ள நோட்டு என்று உறுதியானால் அதைக் கொடுத்தவரிடம் திருப்பித் தரக்கூடாது. முத்திரை குத்திப் பறிமுதல் செய்து ரசீது தர வேண்டும். ஒரே பரிவர்த்தனையில் நான்கு வரை வந்தால் மாத முடிவில் போலீசுக்கு மொத்தமாக அறிக்கை, ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் உடனே புகார்.

இதை அவர் தலைக்குள்ளும் விரலுக்குள்ளும் கொண்டுபோவது எப்படி என்பதுதான் இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைன், கற்பித்தல் வடிவமைப்பு. முதல் கேள்வியே, "பயிற்சி முடிந்ததும் இந்த ஆள் என்ன செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும், அதை நான் எப்படித் தெரிந்துகொள்வேன்?" என்பதுதான். இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான ஆட்களுக்குச் சீக்கிரம் தொழில் சொல்லித்தர வேண்டிய நெருக்கடியில் அமெரிக்காவில் வளர்ந்த துறை இது. ராணுவப் பயிற்சியில் வேலை பார்த்த உளவியலாளர் ராபர்ட் கான்யே 1965-ல் எழுதிய புத்தகத்தை எங்கள் தொழிலில் இன்றும் புரட்டுகிறோம். ஆய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், நடைமுறை, மதிப்பீடு என்று நாங்கள் மந்திரம் போல் சொல்லும் ஐந்து படிகளின் வேர், 1975-ல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த மாதிரியில் இருக்கிறது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ஆடி' என்று வரும். (தள்ளுபடி எல்லாம் கிடையாது.)

சரி, இங்கே ஒரு கதை. ஒரு கூட்டுறவு வங்கிக்குக் கள்ள நோட்டுப் பயிற்சியைப் புதிதாகச் செய்யச் சொல்லி எங்களிடம் வந்தது. ஏற்கெனவே வேறு யாரோ செய்த பாடம் ஒன்று இருந்தது. அழகு என்றால் அப்படி ஒரு அழகு. நோட்டின் மேல் விரல் வைத்தால் அந்த இடம் மின்னும், இனிமையான குரல் விளக்கும், கடைசியில் கைதட்டல். எல்லோரும் முடித்திருந்தார்கள், எல்லோரும் "மிக நன்று" என்று குறித்திருந்தார்கள். கவுன்டரில் மட்டும் நோட்டு சந்தேகமாக வந்தால் இன்னும் சீனியரைத்தான் கூப்பிடுகிறார்கள். ஏன்? தேர்வில் கேட்டது, "நீர்க்குறி எங்கே இருக்கிறது?" பக்கத்திலேயே படம். தொட்டால் சரி. கவுன்டரிலோ யாரும் நீர்க்குறி எங்கே என்று கேட்பதில்லை. "சார், சீக்கிரம்" என்றுதான் கேட்பார்கள்.

அந்தப் பாடத்தைச் செய்தவர்களுக்குத் திறமை இல்லை என்று சொல்ல மாட்டேன். கேஷியரை 'மணி' ஆப் பயன்படுத்துகிறவர் போல நினைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். தடுக்கிற கல்லையெல்லாம் பொறுக்கினார்கள், கூடவே ஏற வேண்டிய படியையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள்.

என் பார்வையில் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பயனர் அனுபவம் கஷ்டத்தை நீக்குகிறது. கற்பித்தல் வடிவமைப்பு எந்தக் கஷ்டம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிறது. மூன்றாவதான கற்றல் அனுபவம், அந்தக் கஷ்டத்தை ஒரு மனிதன் தாங்குவானா, தாங்கி மறுநாளும் வருவானா என்று பார்க்கிறது.

"கஷ்டம் எதற்கு, சுலபமாகவே கற்றுக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்பீர்கள். 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனையைச் சொல்கிறேன். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு கூட்டம் அதைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு கூட்டம் ஒரு தடவை படித்துவிட்டு, தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து மூன்று தடவை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முன்னால்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் தலைகீழ்: படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. இதில் வேடிக்கை, "எனக்கு நன்றாக நினைவிருக்கும்" என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் அந்த 40 சதவீதக் கூட்டம்தான். சுகமாக இருந்தது என்பதும் மண்டையில் ஏறியது என்பதும் வேறு வேறு. இனி "மிக நன்று" என்ற குறிப்பைப் பார்த்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

அதற்காகப் பொத்தானை ஒளித்து வைத்துக் கஷ்டப்படுத்துவதும் கற்பித்தல் ஆகாது. அது வெறும் இம்சை. பாடத்துக்கும் நல்ல பயனர் அனுபவம் வேண்டும். கேஷியர் தன் சக்தியை நோட்டில் செலவழிக்கட்டும், 'அடுத்து' என்ற பொத்தானைத் தேடுவதில் வேண்டாம்.

நாங்கள் செய்த பாடத்தில் படங்கள் குறைந்தன. நோட்டு வேகமாக வந்து போகும், முன்பக்கம் சில, பின்பக்கம் சில. வை, நிறுத்து என்று முடிவெடுக்க வேண்டும். முடிவெடுத்த பிறகுதான் விளக்கம் வரும். தொடுவதைத் திரை சொல்லித்தராது என்பதால், கிளையிலேயே பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நல்ல நோட்டுகளைத் தடவிப் பார்க்க வைக்க வேண்டும் என்று பாடத்துக்குள்ளேயே எழுதினோம். இந்த அளவு வரைக்கும் இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைன்.

ஆனால் ஒரு புதுப் பெண் எங்களிடம் சொன்னாள்: "நோட்டு சரியில்லைன்னு எனக்குத் தெரியுது. ஆனா கஸ்டமர்கிட்ட வாங்கி வைக்கப் பயமா இருக்கு. கத்துவாங்க." (அவள் மராத்தியில் சொன்னதை நான் தமிழில் தருகிறேன்.) அறிவில் குறை இல்லை, பரீட்சை வைத்தால் நூற்றுக்கு நூறு வாங்குவாள். முட்டுக்கட்டை பயம். அந்தப் பயத்தையும், மேனேஜர் பக்கத்தில் நிற்பாரா என்பதையும், முதல் வாரம் எப்படிப் போகிறது என்பதையும், பாடம் முடிந்து மூன்று மாதம் கழித்து என்ன மிச்சம் என்பதையும் சேர்த்து வடிவமைப்பதைத்தான் கற்றல் அனுபவ வடிவமைப்பு என்கிறார்கள். நெதர்லாந்துக்காரர் நீல்ஸ் ஃப்ளோர் 2007 வாக்கில் இந்தப் பெயரைப் பயன்படுத்தத் தொடங்கினார். "நல்ல இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைனர் இதையெல்லாம் எப்போதும் செய்தவர்தானே, பழைய கள்ளுக்குப் புது மொந்தையா?" என்று கேட்கும் சீனியர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி நியாயம். மறு பாதி, பெயர் வைக்காத வேலைக்கு யாரும் நேரம் ஒதுக்குவதில்லை.

இனி வீட்டுக் கதை.

என் மகளுக்கு எட்டு வயது. பள்ளியில் ஆங்கிலம், மராத்தி, இந்தி. வீட்டில் தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. ஊரில் ஆச்சிக்கு, அதாவது என் அம்மாவுக்கு, காது மந்தமாகிக்கொண்டே வருகிறது. மிஷின் வைத்தும் போனில் பாதி வார்த்தை விழுவதில்லை. பேத்தி என்ன சொன்னாலும் "ஆங், சரிட்டி" என்று சிரித்துச் சமாளிப்பாள். ஆனால் எழுத்தில் அவள் இன்னும் முழு ஆள். இன்லேண்ட் லெட்டரில் ஓரத்தையும் விடாமல் எழுதுவாள். பேத்திக்கும் ஆச்சிக்கும் நடுவில் இனிமேல் மிச்சம் இருக்கப் போகிற வழி அந்தக் கடிதம்தான். இதுதான் அவசரம்.

ரங்கமணி ஒரு தமிழ் ஆப் இறக்கித் தந்தார். பலூன், நட்சத்திரம், பாட்டு, எல்லாம் உண்டு. மகள் இரண்டே மாதத்தில் எல்லா லெவலும் முடித்தாள். ஆச்சி கடிதம் வந்தது. நாலு எழுத்து தனித்தனியாகச் சொன்னாள், ஒரு சொல் சேரவில்லை. ஆப்பைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். 'யானை' என்று எழுதி, மேலே யானைப் படம், தொட்டால் "யானை" என்று குரல். படத்தைக் கையால் மறைத்தேன். முழித்தாள். பிள்ளை படித்தது யானையைத்தான், எழுத்தை இல்லை. நினைவிலிருந்து எடுக்க வேண்டிய அவசியமே அவளுக்கு ஒரு தடவையும் வரவில்லை. ஆப் என்ற அளவில் குறை சொல்ல முடியாத பொருள். கேஷியர் கதையேதான்.

ஆச்சியின் பழைய கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஆபீஸில் செய்வதையே செய்தேன். இவள் எதைப் படிக்க வேண்டும்? 247 எழுத்தும் வரிசையாகவா? இல்லை, இந்தக் கடிதங்களை. அதில் அடிக்கடி வருகிற சொற்கள் எவை? எங்கே தடுக்கும்? இரண்டு இடம் அகப்பட்டது.

முதலாவது, மராத்தி படித்த கண்ணுக்கு ஒரு எழுத்துக்கு ஒரு ஒலி. 'கமள்' என்று தாமரையை எழுத ஒரு எழுத்து, 'கணபதி' எழுத வேறு எழுத்து. தமிழிலோ இரண்டுக்கும் ஒரே க. "அம்மா, எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்று அவள் கேட்டது நியாயமான கேள்வி. நமக்கு அது கேள்வி என்றே தெரியாது. காகம், பம்பரம், தந்தம் என்று மூன்று சொல் எழுதிக் கொடுத்து, சத்தமாகச் சொல்லிப் பார்த்து விதியை அவளையே கண்டுபிடிக்கச் சொன்னேன். ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. முதலில் வந்தால் அழுத்தம், மெல்லின எழுத்துக்குப் பின்னால் வந்தால் மென்மை, நடுவில் தனியாக வந்தாலும் மென்மை என்று அவளே சொன்னாள். சொல்லிக் கொடுத்திருந்தால் இரண்டு நிமிஷம், அடுத்த வாரம் மறந்திருப்பாள்.

இரண்டாவது, ஆச்சி பள்ளிக்கூடம் போனது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால். லை, னை எல்லாம் அவள் கையில் பழைய துதிக்கையோடுதான் வரும். எந்த ஆப்பிலும் அது வரப் போவதில்லை. 'யானை' என்ற சொல்லை ஆச்சி எழுதினால் அந்த எழுத்திலேயே ஒரு தும்பிக்கை தொங்கும் என்று காட்டியபோது மகள் சிரித்த சிரிப்பு!

இவ்வளவும் பாடம். ஆனால் பாடம் மட்டும் போதவில்லை. பத்து வரி படிப்பதற்குள் அழுகை வந்துவிடும். லீவுக்கு ஊருக்குப் போனபோது அத்தை பிள்ளைகள் கேலி செய்தது அவளுக்கு மறக்கவில்லை. அதனால் ஆச்சிக்கே ஒரு கடிதம் போட்டேன். வரிக்கு நடுவில் இடம் விடு, பெரிசாக எழுது, கடைசியில் எதையாவது பாதியில் நிறுத்து என்று. ஆச்சி சாமர்த்தியக்காரி. "பக்கத்து வீட்டுப் பசு கன்னு போட்டிருக்கு, அதுக்கு என்ன பேர் வச்சிருக்குன்னு அடுத்த கடுதாசில சொல்லுதேன்" என்று எழுதிவிட்டாள். மகள் தினமும் தபால்காரரைக் கேட்டாள். கடிதம் வந்தால் அவள்தான் பிரிப்பாள். தடுமாறினால் நான் உடனே சொல்வதில்லை, மனசுக்குள் பத்து எண்ணுவேன். ஆபீஸில் எவ்வளவோ சிக்கலான வேலை செய்திருக்கிறேன், அந்தப் பத்து எண்ணுவது போலக் கஷ்டமான ஒன்று கிடையாது.

ஏழெட்டு மாதம் ஆகிறது. ஒரு கடிதத்துக்கு இருபது நிமிஷம் எடுக்கிறாள். 'அம்புட்டு' என்றால் என்ன என்று கேட்கிறாள். போன மாதம் ஒரு கடிதத்தைத் திக்கித் திக்கிப் படித்துவிட்டு என்னிடம் வந்து, "அம்மா, ஆச்சி ராத்திரி நாலு தடவை எழுந்து கதவு பூட்டியிருக்கான்னு பாக்காங்களாம்" என்றாள். அம்மா எங்களில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. போனில் கேட்டால் "எனக்கென்ன, நல்லா இருக்கேன்" என்றுதான் வரும். பேத்தி படிக்க மாட்டாள் என்று நினைத்து எழுதினாளா, படிப்பாள் என்று நம்பி எழுதினாளா, தெரியாது. அண்ணனிடம் பேசினேன். இப்போது சித்தி மகள் ராத்திரி துணைக்கு வந்து படுத்துக்கொள்கிறாள்.

ஆக, பிள்ளைக்கு ஆப்போ வகுப்போ தேடுகிறவர்கள் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். பயன்படுத்தத் தடையில்லாமல் இருக்கிறதா? இது பயனர் அனுபவம், இதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். படத்தை மறைத்தால், குரலை நிறுத்தினால், ஒரு வாரம் விட்டுக் கேட்டால் பிள்ளைக்குத் தெரிகிறதா? இது கற்பித்தல் வடிவமைப்பு, இதைச் சோதித்தால்தான் தெரியும். கடைசியாக, நாம் சொல்லாவிட்டாலும் பிள்ளை நாளைக்கு அதைத் தேடி வருமா, வந்தால் அந்தப் பக்கம் யார் காத்திருக்கிறார்கள்? மூன்றாவதை எந்தக் கம்பெனியும் முழுசாகச் செய்து விற்க முடியாது. அந்தப் பக்கம் இருக்க வேண்டிய ஆள் நம் ஊரில் இருக்கிறார்.

கன்றுக்குட்டியின் பேர் என்ன என்று கேட்காதீர்கள். மகள் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.